இருபதாவது கோளுக்குப் பிறகு ஏன் தூக்கம் வருகிறது? நம்ம விண்வெளி ஆட்டத்தை என்ன செய்யலாம்

திருநகர் தச்சன் (ஆட்டத்தைக் கட்டியவர்)
வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். முதல் ஆட்டம் 94 இரவுகளில் முடிந்துவிட்டது. 38 பேர் தொடங்கினோம். கடைசி இரவில் உத்தரவு போட்டவர்கள் 11 பேர். காணாமல்போன 27 பேரில் பாதிப் பேரை எனக்கு நேரிலேயே தெரியும் என்பதால் கூச்சமாக இருக்கிறது. ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு, "உன் ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் பேங்க் வேலை மாதிரி ஆயிருச்சு" என்றார். அவர் பேங்கில்தான் வேலை பார்க்கிறார்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு: 240 விண்மீன்கள், அவற்றை இணைக்கும் விண்வழிகள். ஆளுக்கு ஒரு கோளில் தொடங்கி, மற்றக் கோள்களையும் பிடித்துப் பேரரசாக விரிவோம். பகலில் எப்போது வேண்டுமானாலும் உத்தரவு போடலாம். இரவு 10 மணிக்கு எல்லாருடைய உத்தரவையும் சேர்த்து வைத்துக் கணக்கு ஓடும். காலையில் வரைபடத்தைத் திறந்தால் யார் வாழ்ந்தார், யார் கெட்டார் என்று தெரியும்.

இரண்டாவது ஆட்டம் பொங்கல் கழித்து. நான் ஒருத்தன்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கோடிங்கில் உட்கார முடியும். எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது, சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, எந்த இரவில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத் திட்டுங்கள்.

சால்னா
சனி, அதிகாலை 2.15

கடை சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அண்ணே, அந்த 'கலை' பொத்தான். மூன்றாவது இரவு. படையின் பக்கத்தைத் திறந்தால் வரிசையாக நகர்த்து, சேர், பழுதுபார், கலை என்று நான்கு பொத்தான்கள். கோள்களின் பக்கத்தில் உழவு, சுரங்கம், ஆய்வு என்று பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கலை என்றால் என்ன தோன்றும்? படைக்காரர்களுக்கு ஆட்டம் பாட்டம் வைத்து மன உறுதியை ஏற்றுகிற வசதி என்று நினைத்து அழுத்திவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை அது. காலையில் எழுந்து பார்த்தால், 'உங்கள் படை கலைக்கப்பட்டது.' 14 கப்பல். பக்கத்துப் பேரரசுக்காரன் மறுநாளே எல்லையில் வந்து நின்றான்.

இன்னொன்று, 10 மணிக் கணக்கு. எனக்கு அப்போதுதான் கல்லில் கூட்டம். கையெல்லாம் எண்ணெயும் மைதாவும். ஒரு கையால் பரோட்டாவைத் தட்டிக்கொண்டு மறு கையால் போர் அறிவிக்க முடியவில்லை. காலை 6 மணி என்று வைத்தால் புண்ணியமாகப் போகும்.

திருநகர் தச்சன்
சனி, காலை 7.05

முதலில் சிரித்தேன், அப்புறம் வெட்கமாகிவிட்டது. எழுதும்போது என் மண்டையில் அது வினைச்சொல்லாக மட்டும்தான் ஓடியது. இனிமேல் 'படையைக் கலைத்துவிடு' என்று சிவப்பில் இருக்கும், 'நிச்சயமாகவா?' என்றும் கேட்கும்.

காலை 6 மணி கஷ்டம் தம்பி. கணக்கு பாதியில் நின்றால் தட்டிவிட நான் விழித்திருக்க வேண்டுமே. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.

ஒன்பதாம் கோள்
சனி, முற்பகல் 11.20

பொத்தான் பெயர் அரை மணி நேர வேலை. 27 பேர் பொத்தானுக்காக ஓடவில்லை. சண்டைக் கணக்கு சரியில்லை, அதுதான் விஷயம்.

52ஆம் இரவு. என்னுடைய 60 கப்பல்கள் வடக்குக் கூட்டணியின் 100 கப்பல்களோடு மோதின. ஒரே ரகக் கப்பல், ஒரே ஆயுதம், ஆய்வு நிலையும் ஒன்றுதான். நான் தோற்றது நியாயம். ஆனால் அவர்கள் இழந்தது எத்தனை தெரியுமா? 20. என்னுடைய 60 கப்பல் செத்தும் 20ஐத்தான் கொன்றது என்றால் என் ஆட்கள் என்ன வெடியா கொளுத்திக்கொண்டிருந்தார்கள்?

அதற்கு அப்புறம் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். இருக்கிற கப்பலையெல்லாம் ஒரே கும்பலாகக் கட்டி இழுத்துக்கொண்டு சுற்றினார்கள். யாருடைய கும்பல் பெரிதோ அவன் ஜெயித்தான். ஆட்டத்தின் முகப்பில் 'வியூகம்' என்று போட்டிருக்கிறீர்கள் அண்ணே. அதை எடுத்துவிட்டு 'கூட்டல்' என்று போடலாம்.

கணக்கு டீச்சர்
சனி, பிற்பகல் 3.30

ஒன்பதாம் கோள் தம்பி, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இதற்கு ஒரு விதி இருக்கிறது. முதல் உலகப் போர் நடந்த காலத்தில் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் எழுதியது. எல்லாரும் எல்லாரையும் குறிவைக்க முடிகிற திறந்த வெளியில் ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தில் போகும்.

100இன் வர்க்கம் 10,000. 60இன் வர்க்கம் 3,600. கழித்தால் 6,400. அதன் வர்க்கமூலம் 80. ஆக எதிரிக்கு மிச்சம் 80, இழப்பு 20. உங்கள் 52ஆம் இரவு நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்த்த மாதிரி வந்திருக்கிறது. 100 துப்பாக்கி 60 பேரைச் சுடுகிறது. முதல் சுற்றிலேயே உங்கள் பக்கம் அதிகம் விழும், அடுத்த சுற்றில் திருப்பிச் சுட ஆள் இன்னும் குறையும். சரிவில் உருளுகிற கல்தான்.

இப்போது இதையே ஒரு குறுகலான இடத்தில் வையுங்கள். எந்த நேரத்திலும் இரண்டு பக்கமும் 20 கப்பல்கள்தான் முகத்துக்கு முகம் நிற்க முடியும், மற்றவை பின்னால் வரிசையில் நிற்க வேண்டும் என்று வைத்தால் வர்க்கம் போய்விடும். ஒன்றுக்கு ஒன்று என்று சாகும். உங்கள் 60 போகும்போது அவர்களிடமும் 60 போயிருக்கும், மிச்சம் 40. அப்போதும் நீங்கள் தோற்பீர்கள். ஆனால் அந்த 40ஐ வைத்துக்கொண்டு மறுநாளே உங்கள் கூட்டாளி மேல் பாய அவர்கள் இரண்டு முறை யோசிப்பார்கள்.

தச்சன் சார், இதைப் பத்தாம் வகுப்பில் வர்க்கமூலத்துக்கு உதாரணமாகச் சொல்ல ஆசையாக இருக்கிறது. பிள்ளைகள் அப்புறம் வேறு எதையும் கேட்க மாட்டார்கள் என்பதால் அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

தரைப்பாலம்
சனி, மாலை 6.50

டீச்சர் சொன்னது சரி. ஆனால் 20 என்று எல்லா இடத்துக்கும் ஒரே வரம்பை வைத்துவிடாதீர்கள், அண்டம் முழுக்கச் சந்து பொந்தாகிவிடும். வழிக்கு வழி அகலம் மாறட்டும். மதுரை கோரிப்பாளையத்தில் சாயங்காலம் நின்றவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான்கு பக்கமிருந்தும் எத்தனை வண்டி வந்தாலும் வைகை மேல் உள்ள ஏ.வி. பாலத்தைத் தாண்டுவது பாலத்தின் அகலத்துக்குத்தான். அந்தப் பாலத்தை 1886இல் கட்டும்போது மாட்டுவண்டியைத்தான் மனதில் வைத்திருப்பார்கள், பாவம்.

இன்னொன்றும் கேட்கிறேன். நான் இருப்பது யானைக்கல் பக்கம். வைகை காய்ந்து கிடக்கிற மாதங்களில் தரைப்பாலத்தில் வண்டி பாட்டுக்குப் போய் வரும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் பாலம் மூழ்கும், தடுப்பு வைத்து மறித்துவிடுவார்கள், கூட்டம் முழுக்க மேலே உள்ள பாலங்களுக்குத் திரும்பும். ஆட்டத்தில் இருக்கிற 300க்கு மேற்பட்ட விண்வழிகளும் முதல் இரவிலிருந்து கடைசி இரவு வரை அப்படியே கிடக்கின்றன. அதில் ஒரு இருபதையாவது தரைப்பாலமாக்குங்கள். 30 இரவு திறந்திருக்கட்டும், 10 இரவு மூடியிருக்கட்டும். மூடுவதற்கு மூன்று இரவு முன்னால் ஒரு அறிகுறி காட்டினால் போதும். பேராசையில் படையை மறுகரையில் விட்டவன் அங்கேயே கிடக்கட்டும்.

ஒன்பதாம் கோள்
சனி, இரவு 8.05

டீச்சர் கணக்குக்கு வணக்கம். திட்டியதை வாபஸ் வாங்குகிறேன், பாதியை மட்டும்.

வழிகள் வேண்டாம், எங்கிருந்தும் எங்கும் தாவலாம் என்று முதல் ஆட்டத்தில் நிறையப் பேர் கேட்டார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி ஆட்டம் 2016இல் வந்தபோது மூன்று விதப் பயணம் இருந்தது: எந்தப் பக்கமும் தாவுகிற வார்ப், துளை வழியாகத் தாவுகிற வார்ம்ஹோல், நம்ம விண்வழி மாதிரியான ஹைப்பர்லேன். தொடங்கும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் எதிரி எந்தப் பக்கமிருந்தும் குதிக்கலாம் என்றால் எல்லை என்று ஒன்று எதற்கு, கோட்டை கட்டி என்ன பிரயோஜனம்? 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பில் மற்ற இரண்டையும் தூக்கிவிட்டு எல்லாரையும் ஹைப்பர்லேனில் விட்டார்கள். அன்றைக்குப் பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அந்த முடிவு சரியென்றுதான் படுகிறது. வழி இருந்தால்தான் வாசல், வாசல் இருந்தால்தான் காவல்.

தரைப்பாலம் யோசனையை எந்த ஆட்டத்திலும் இப்படிப் பார்த்ததில்லை. கட்டாயம் செய்யுங்கள் அண்ணே.

கடைமடைக்காரன்
ஞாயிறு, காலை 6.20

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். தண்ணீர் வருமா என்று வாய்க்காலைப் பார்த்தே வளர்ந்தவன், அதனால் எனக்கு உறுத்தியது வேறு.

இப்போதைய விதிப்படி தலைநகரில் 5,000 டன் உலோகம் இருந்தால் 14 தாவல் (ஒரு விண்மீனிலிருந்து அடுத்ததுக்கு ஒரு தாவல்) தள்ளியிருக்கிற கோளில் அதே இரவில் கப்பல் கட்டலாம். உலோகம் எப்படி அங்கே போனது? யார் ஏற்றினார்கள், எந்த வழியாகப் போனது, நடுவில் யார் எடுத்தார்கள்? ஒன்றும் கிடையாது. கஜானா என்பது எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் திறக்கிற பெட்டியாக இருக்கிறது. அதனால்தான் ஒருவன் எவ்வளவு தூரம் விரிந்தாலும் அவனுக்கு வலிப்பதே இல்லை.

பெரியாறுத் தண்ணீர் பேரணை என்ற இடத்தில் எங்கள் கால்வாய்க்குத் திரும்பி வருகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே நாங்கள் ஒருபோகம். ஒரே அணை, ஒரே கால்வாய், ஆனால் மேலே இருப்பவன் நனைந்த பிறகுதான் கீழே ஈரம். நடுவில் ஒருத்தன் மோட்டாரை இறக்கி உறிஞ்சினால் கடைமடைக்கு வருவது பாசியும் பிளாஸ்டிக் கவரும்தான். அதற்குத்தான் முறை வைத்து விடுகிறார்கள். முறையை மீறினால் இராத்திரியில் மண்வெட்டியோடு ஷட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் எங்கள் அப்பா.

இதை அப்படியே போடுங்கள். உலோகமும் உணவும் விண்வழியில் ஓடட்டும். வழியில் உள்ள ஒவ்வொரு கோளும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடட்டும். முறை வைக்கிற அதிகாரம் பேரரசருக்கு. கடைமடைக் கோள் மூன்று முறை காய்ந்தால் அங்கே கோபம் ஏறட்டும். எதிரிக்கும் வேலை சுலபம்: தலைநகரை அடிக்க வேண்டியதில்லை, நடுவில் ஒரு ஷட்டரை இறக்கினால் போதும்.

சால்னா
ஞாயிறு, காலை 11.00

கடைமடை அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இப்போதுதான் எனக்குக் காரணம் புரிகிறது. 40ஆம் இரவில் என் தெற்குக் கோளை எதிரி பிடித்தான், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. கவலைகூடப் படவில்லை. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். அந்தக் கோளின் பெயர்கூட ஞாபகமில்லை.

பழைய கீபோர்டு
ஞாயிறு, பிற்பகல் 1.15

சால்னா ஒரு வரியில் சொல்லிவிட்டார், நான் அதையே இழுக்கிறேன். வயதானால் அப்படித்தான்.

2000களின் தொடக்கத்தில் சிம்மக்கல் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கூட்டமில்லாத மத்தியானங்களில் 1993இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியனை ஓட்டிக்கொண்டிருப்பேன். இந்த வகை ஆட்டங்களை 4எக்ஸ் என்கிறோமே, அந்தப் பெயரே அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது ஒரு பத்திரிகைக்காரர் வைத்ததுதான். ஆங்கிலத்தில் எக்ஸ் ஒலிக்கிற நான்கு சொற்கள், தமிழில் சொன்னால்: தேடு, விரி, பயன்படுத்து, அழி. இந்த நான்கில் முதல் இரண்டும் தேன். மூன்றாவதில் நாக்கு கொஞ்சம் மரத்துவிடும். நான்காவது வரும்போது யார் ஜெயிப்பார் என்று தெரிந்துபோயிருக்கும், ஆனால் அதை நிரூபிக்க இன்னும் 30 இரவு உட்கார வேண்டும்.

நம்ம ஆட்டத்தில் நான் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்து கோள் இருந்தபோது ஒரு இரவுக்கு உத்தரவு போட 10 நிமிடம், அந்தப் பத்து நிமிடமும் யோசனை. 20 கோள் தாண்டியபோது 50 நிமிடம், யோசனை இரண்டு நிமிடம். மீதி 48 நிமிடம் ஒவ்வொரு கோளாகத் திறந்து உழவை ஏற்று, சுரங்கத்தை இறக்கு, அடுத்தது. பந்தியில் சொன்ன அந்த பேங்க்காரர் பொய் சொல்லவில்லை. கோள் கூடக்கூட வேலை கூடுகிறது, முடிவு குறைகிறது. கப்பல் சண்டையை எவ்வளவு சரிசெய்தாலும் இது சரியாகாது.

மாசி வீதி
ஞாயிறு, மாலை 5.40

பழைய கீபோர்டு சொல்கிற நோய்க்கு மதுரையில் ஏற்கெனவே ஒருவர் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார். அரியநாத முதலியார்.

1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் கையில் மதுரை வருகிறது. நாடு பெரிது, சாலை கிடையாது, ஓலை போய்ச் சேரவே நாளாகும். ஒவ்வொரு ஊருக்கும் மதுரையிலிருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தால் நம்ம 48 நிமிடக் கதைதான். தளவாய் அரியநாதர் நாட்டை 72 பாளையமாகப் பிரித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கோட்டையில் 72 கொத்தளம், ஒரு கொத்தளத்தின் காவல் ஒரு பாளையக்காரருக்கு. வசூலில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படையை வைத்துக் காக்க, ஒரு பங்கு அவருக்கே. கூப்பிட்டால் ஆளோடு வர வேண்டும். கோட்டையை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்து அகழியையும் தூர்த்துவிட்டார்கள். பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கம் மேற்கு வாசலில் மிஞ்சியிருக்கிற ஒரு துண்டைப் பேருந்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை.

ஆட்டத்துக்கு வருகிறேன். ஏழு கோளுக்கு மேல் நேரடியாக ஆள முடியாது என்று வையுங்கள். எட்டாவதிலிருந்து பாளையக்காரர் வேண்டும். அவருக்குப் பெயர், குணம், ஒரு ஆசை, ஒரு பகை. உழவை ஏற்றுவதும் சுரங்கத்தை இறக்குவதும் அவர் பாடு. நாம் பார்க்க வேண்டியது ஒன்றே: அவரை எப்படி வைத்துக்கொள்வது. அவர் பங்கைக் குறைத்தால் முகம் வாடும். இரண்டு பாளையத்தை ஒருவரிடமே கொடுத்தால் மூன்றாமவருக்கு எரியும். நீங்கள் பலமாக இருக்கிறவரை கப்பம் வரும். நாயக்கர் காலம் முடிந்து நவாபும் கும்பினியும் வந்தபோது அதே பாளையக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தலைநகரை மாற்றவும் வழி வையுங்கள். திருமலை நாயக்கர் திருச்சியிலிருந்து தலைநகரை மதுரைக்கே திரும்பக் கொண்டுவந்தவர்தானே. ஆட்டத்தில் மட்டும் முதல் கோள்தான் சாகும்வரை தலைநகரம்.

பழைய கீபோர்டு
ஞாயிறு, இரவு 9.10

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குழியில் ஒருமுறை விழுந்த ஆட்டம் உண்டு. 2003இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியன் 3. சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் சி.டி. கொண்டுவந்தார். சென்டரை ஒரு நாள் சீக்கிரம் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். கோளுக்குக் கோள் வைஸ்ராய் என்று ஒரு ஆளை நியமித்து எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். நாம் ஒன்றைக் கட்டச் சொன்னால் அவர் வேறு ஒன்றைக் கட்டுவார். ஏன் என்று தெரியாது. அடுத்த பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். பேரரசு என் உதவி இல்லாமலே நன்றாக நடந்தது. மகன் கல்யாணத்தில் மூலையில் உட்கார்ந்திருக்கிற பெரியப்பா மாதிரி இருந்தது எனக்கு.

பாளையக்காரர் அந்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

மாசி வீதி
ஞாயிறு, இரவு 9.55

ஆகாது. அந்த வைஸ்ராய்க்கு முகம் இல்லை, தனக்கென்று ஒன்றும் வேண்டாம், அதனால் அவரோடு பேச நமக்கும் ஒன்றும் இல்லை. பாளையக்காரருக்குத் தனக்கு வேண்டியது தெரியும். நீங்கள் கோளோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஆளோடு மல்லுக்கட்டுவீர்கள். ஏழு பேரோடு பேசுவது 20 கோளைத் திறந்து மூடுவதைவிடச் சுவை. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

கணக்கு டீச்சர்
திங்கள், மாலை 5.15

முன்னால் போகிறவன் ஏன் போய்க்கொண்டே இருக்கிறான் என்பதையும் பார்த்துவிடுவோம். ஒருவருடைய வருமானம் இரவுக்கு 3 விழுக்காடு வளர்கிறது, இன்னொருவருக்கு 4. பத்தாம் இரவில் வித்தியாசமே தெரியாது. நூறாவது இரவில் முதலாமவர் 19 மடங்கு, இரண்டாமவர் 50 மடங்கு. அந்த ஒரு விழுக்காடு எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் பக்கத்தில் ஒரு நல்ல சுரங்கக் கோள் அமைந்தது, அவ்வளவுதான். பெரிதானால் செலவும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் 94 இரவு ஆட்டத்தை முதல் 15 இரவே முடிவுசெய்துவிடுகிறது.

ஒன்பதாம் கோள்
திங்கள், இரவு 7.30

இங்கேதான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்னால் ஓடுகிறவன் காலில் கல்லைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்? நன்றாக ஆடியவனுக்குத் தண்டனை என்றால் நான் ஏன் நன்றாக ஆட வேண்டும்? எல்லாக் கோளுக்கும் தலா 2 விழுக்காடு அபராதம் என்று நிறைய ஆட்டங்களில் வைக்கிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

கடைமடைக்காரன்
திங்கள், இரவு 8.10

கல்லைக் கட்ட வேண்டாம் தம்பி. தூரத்தை உணரவைத்தால் போதும். வாய்க்கால் நீளமானால் கடைசியில் தண்ணீர் குறைகிறது. அதை அபராதம் என்று யாராவது சொல்வார்களா? நீளமான வாய்க்கால் வெட்டியது நீங்கள்.

தரைப்பாலம்
திங்கள், இரவு 8.40

செய்தியும் அப்படியே வரட்டும். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலத்துக்கு இன்றைக்கு நாம் ஒரு வார்த்தை அனுப்பினால் போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகிறது, அதுவும் ஒளியின் வேகத்தில். மிக அருகில் உள்ள பிராக்சிமா விண்மீனே 4.24 ஒளியாண்டு. நம்ம ஆட்டத்தில் மட்டும் அண்டத்தின் அந்தக் கோடியில் ஒரு கப்பல் திரும்பினால் இந்தக் கோடியில் அன்றைக்கே தெரிகிறது. நான்கு தாவலுக்கு ஒரு இரவு தாமதம் என்று வையுங்கள். 14 தாவல் தள்ளியிருக்கிற கோளைப் பற்றி நீங்கள் பார்ப்பது மூன்று இரவுக்கு முந்தைய கதை. அப்போது அங்கே முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று நீங்களே கெஞ்சுவீர்கள். மாசி வீதி சொல்கிற பாளையக்காரரை விதி போட்டுத் திணிக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் கோள்
திங்கள், இரவு 8.52

சரி. அப்படியென்றால் ஒத்துக்கொள்கிறேன். அபராதம் என்று எங்கேயும் எழுதாதீர்கள், அது போதும்.

சால்னா
செவ்வாய், அதிகாலை 1.50

எல்லாரும் பெரிய பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். எனக்கு இன்னும் போன் திரையில் 'பராமரிப்புச் செலவு' என்பது 'பராமரி' என்று வெட்டுப்பட்டுத்தான் தெரிகிறது. யாரோ என்னை அதட்டுகிற மாதிரியே இருக்கிறது.

திருநகர் தச்சன்
ஞாயிறு, இரவு 8.20

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டே இருந்தேன், இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். 40 விண்மீன்கள் மட்டும் உள்ள ஒரு சோதனை அண்டத்தைத் திறந்திருக்கிறேன்.

சண்டையில் முகப்பு வரம்பு வந்துவிட்டது. குறுகிய வழிக்கு 20, அகல வழிக்கு 60, திறந்தவெளிக்கு வரம்பில்லை. டீச்சரின் கணக்கைப் போட்டுச் சரிபார்த்தேன், குறுகிய வழியில் 100க்கு 60 மோதினால் மிச்சம் 40 வருகிறது. தரைப்பாலங்கள் மூன்று. வாய்க்கால் கணக்குத்தான் உயிரை வாங்கியது: இரண்டு வழியாகத் தண்ணீர் வந்தால் எதை முதலில் எடுப்பது என்று நிரலுக்குத் தெரியவில்லை, ஒரு கோளில் உலோகம் எதிர்மறையாகப் போய்விட்டது. கடைமடைக்காரரைப் போனில் பிடித்து, "நிஜத்தில் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "பக்கத்து வாய்க்கால் காயுதோ இல்லையோ, முறை யாருக்கோ அவன் வாய்க்கால்லதான் எடுப்போம்" என்றார். அதையே எழுதினேன், ஓடுகிறது.

பாளையக்காரர்கள் ஆறு பேர். ஒவ்வொருவரும் பேசுவதற்கு 40 வாசகங்கள் வேண்டியிருந்தது. எனக்கு அவ்வளவு வாய் கிடையாது, பாதியை மாசி வீதியும் டீச்சரும் எழுதித் தந்தார்கள். எதை யார் எழுதினார் என்று சொல்ல மாட்டேன். ஏழு கோள் என்ற வரம்பை வைக்கவில்லை. செய்தித் தாமதம் இருப்பதால் எத்தனை கோள் வேண்டுமானாலும் நீங்களே ஆளலாம், மூன்று இரவு பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு. முயன்று பாருங்கள்.

தலைநகர் மாற்றம் இந்த முறை இல்லை, நேரமில்லை. நேரத்தைப் பற்றி 19 பேர் சொன்னார்கள்: 13 பேர் இரவு 10, நான்கு பேர் காலை 6, இரண்டு பேர் மதியம் என்கிறார்கள். இப்போதைக்கு 10 மணிதான். ஆனால் உத்தரவை மூன்று இரவுக்கு முன்கூட்டியே போட்டு வைக்கலாம், சால்னா தம்பிக்காகவே. 'பராமரி'யும் சரியாகிவிட்டது, பொத்தானை இரண்டு வரியாக்கிவிட்டேன்.

பழைய கீபோர்டு
புதன், இரவு 10.40

மூன்று இரவு ஆடினேன். 11 கோள். நேற்று உத்தரவு போட 14 நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் ஒரே ஒரு பாளையக்காரருக்குப் பங்கை ஏற்றுவதா, இல்லை அவருடைய பகையாளியை அவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதா என்ற யோசனை. ஏற்றிவிட்டேன். பயந்துதான்.

ஒன்பதாம் கோள்
வியாழன், பிற்பகல் 12.30

தரைப்பாலம் மூடும் அறிகுறியைப் பார்த்தேன், இன்னும் ஒரு இரவு தாங்கும் என்று நினைத்தேன். தாங்கவில்லை. 22 கப்பல் மறுகரையில். 10 இரவு. யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

தரைப்பாலம்
வியாழன், பிற்பகல் 12.34

நான் ஒன்றுமே சொல்லவில்லையே.

சால்னா
வியாழன், இரவு 9.48

அண்ணே, அவசரம். என் கடைமடைக் கோளுக்கு நான்கு இரவாக உலோகம் போகவில்லை, நான் கவனிக்கவில்லை. இன்றைக்கு அங்கே இருக்கிற பாளையக்காரர் கப்பத்தை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டு ஆள் அனுப்பினால், "கப்பல் வந்தால் கப்பம் வரும்" என்று பதில் அனுப்பியிருக்கிறார். இதை எழுதியது டீச்சர்தானே? நிச்சயம் டீச்சர்தான்.

ஆறு கப்பலை அனுப்பினால் வடக்கு எல்லை காலியாகிவிடும். அனுப்பாவிட்டால் ஆள் எதிரியோடு போய்விடுவார் போலிருக்கிறது. கல் வேறு சூடாகிவிட்டது, வெளியே நாலு பேர் நிற்கிறார்கள். யாராவது 12 நிமிடத்துக்குள் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்
வியாழன், இரவு 9.51

மூன்று அனுப்புங்கள். அதோடு முறையையும் மாற்றி அந்தக் கோளுக்கு முதல் தண்ணீர் என்று வையுங்கள்.

வாசகத்தை நான் எழுதவில்லை.

மாசி வீதி
வியாழன், இரவு 9.53

நான்தான். ஆறும் அனுப்புங்கள்.